கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த எஸ்எம்பிஎஸ்? லேபிள் படிப்பது முதல் கேபிள் சொருகுவது வரை

நண்பர் ஒருவரின் மகன் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வாங்கிப் போட்டான். டெஸ்க்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கேமைத் திறந்து சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். எரர் கிடையாது, நீலத்திரை கிடையாது. அறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருக்க, கம்ப்யூட்டருக்கு மட்டும் கரண்ட் போன மாதிரி. விண்டோஸை இரண்டு தடவை அழித்துப் போட்டான், டிரைவரை மாற்றினான். கார்டில்தான் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே கார்டு சமர்த்தாக ஓடியது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ், மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கார்டுக்குப் போக வேண்டிய 8 பின் கேபிளே அதில் இல்லை. மோலெக்ஸ் எனப்படும் பழைய நாலு பின் முனைகள் இரண்டை ஒன்றாக்கும் ஓர் அடாப்டரைப் போட்டு ஒப்பேற்றியிருந்தான்.

அந்த 500 வாட் எப்படி வந்தது என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். அதற்கு முன் ஒன்று. நம் ஆட்கள் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது பிராசஸர், கார்டு, ரேம், மானிட்டர் எல்லாவற்றுக்கும் காசைப் பிரித்துவிட்டு, மிஞ்சியதில் எஸ்எம்பிஎஸ் வாங்குகிறார்கள். கார்டை முடிவு செய்த அடுத்த நிமிடமே எஸ்எம்பிஎஸ்ஸை முடிவு செய்யுங்கள், மிச்சக் காசில் மற்றதைப் பார்க்கலாம் என்பது என் பழக்கம். கார்டு மூன்று வருடத்தில் பழசாகிவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் அடுத்த கார்டுக்கும் ஓடும்.

(கடையில் எஸ்எம்பிஎஸ் என்பார்கள், பெட்டியில் பவர் சப்ளை என்று இருக்கும், யூடியூபில் பிஎஸ்யு என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.)

படி 1: கார்டு எவ்வளவு இழுக்கும்?

ஒவ்வொரு கார்டுக்கும் அதன் நிறுவனமே ஓர் அளவு சொல்கிறது. முழு வேகத்தில் ஓடும்போது சராசரியாக எத்தனை வாட் இழுக்கும் என்பதுதான் அது. இப்போது புழக்கத்தில் இருக்கும் சிலவற்றுக்கு:

ஆர்டிஎக்ஸ் 3060: 170 வாட்
ஆர்டிஎக்ஸ் 4060: 115 வாட்
ஆர்டிஎக்ஸ் 4070: 200 வாட்
ஆர்டிஎக்ஸ் 5060: 145 வாட்
ஆர்டிஎக்ஸ் 5070: 250 வாட்
ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ: 300 வாட்
ஆர்டிஎக்ஸ் 5080: 360 வாட்
ஆர்டிஎக்ஸ் 5090: 575 வாட்
ஆர்எக்ஸ் 7600: 165 வாட்
ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி: 263 வாட்
ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி: 304 வாட்

இது என்விடியாவும் ஏஎம்டியும் சொல்லும் அடிப்படை அளவு. மூன்று ஃபேன் போட்டு, தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் செய்து (வேகத்தைக் கூட்டி) விற்கும் மாடல்கள் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். ஆகவே நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலின் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: மற்ற பாகங்களோடு சேர்த்துக் கூட்டுங்கள்

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் பிராசஸர். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் அது அதிகபட்சம் அல்ல. ரைசன் 5 5600 பெட்டியில் 65 வாட். உண்மையில் 76 வாட் வரை போக அனுமதி உண்டு. ரைசன் 5 7600க்கு அது 88. இன்டெல் ஐ5-12400 டர்போவில் 117 வாட் வரை போகும். ஐ7-14700கே என்றால் 253. கேம் ஆடும்போது பிராசஸர் இந்த உச்சத்தைத் தொடுவது அரிது என்றாலும், கணக்குக்கு உச்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், நாலைந்து ஃபேன், விளக்கு அலங்காரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 வாட் வைத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோவோம். ரைசன் 5 5600 இருக்கிறது, புதிதாக ஆர்டிஎக்ஸ் 5070 வாங்குகிறீர்கள். 76 + 250 + 60 = 386 வாட். அதை 390 என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 3: எத்தனை வாட் வாங்குவது?

390 வாட் செலவுக்கு 400 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் என்ன? ஒரு கால் கிலோமீட்டர் தூரம் மூச்சுப் பிடித்து ஓடலாம், நாள் முழுக்க அப்படி ஓட முடியாது, அந்தக் கதைதான். எஸ்எம்பிஎஸ் தன் திறனில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை வேலை செய்யும்போதுதான் சூடும் குறைவு, ஃபேன் சத்தமும் குறைவு, மின்சார விரயமும் குறைவு. நான் 65 சதவீதத்தைக் குறி வைப்பேன். 390ஐ 0.65 ஆல் வகுத்தால் 600. கடையில் அதற்கு அடுத்துக் கிடைக்கும் அளவு 650. என்விடியாவும் 5070க்கு 650 வாட் என்றுதான் சொல்கிறது.

எல்லாக் கார்டுக்கும் இப்படிப் பொருந்தி வராது. 4060க்கு நிறுவனம் 550 வாட் சொல்கிறது. அதே 5600 பிராசஸரோடு கூட்டினால் 115 + 76 + 60 = 251 வாட்தான் வருகிறது. நல்ல 450 வாட்டே அதற்குத் தாராளம். நிறுவனம் ஏன் கூட்டிச் சொல்கிறது? உங்களிடம் எந்த பிராசஸர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எந்தத் தரத்து எஸ்எம்பிஎஸ் இருக்கிறது என்பதும் தெரியாது. இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் எண்ணைப் போடுகிறார்கள். மறுபக்கம், அதே 5070ஐ 14700கே கூடப் போட்டால் கூட்டல் 563 வாட்டுக்குப் போய்விடும். அப்போது 650 போதாது, 850 பார்க்க வேண்டும். ஆகவே நிறுவனம் சொன்ன எண்ணையும் உங்கள் கூட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு வருடத்தில் பெரிய கார்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு படி மேலே வாங்குவது லாபம். அப்படி எண்ணம் இல்லாதவருக்கு 1000 வாட் விற்கும் கடைக்காரர் தன் லாபத்தைத்தான் பார்க்கிறார். 1000 வாட் வாங்கினால் கரண்ட் பில் ஏறுமா என்று கேட்பவர்களும் உண்டு. ஏறாது. கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் எஸ்எம்பிஎஸ் கொடுக்கும்.

படி 4: லேபிளைப் படியுங்கள்

இனி அந்த 500 வாட் கதை. எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தலைப்பு. அதன் கீழே ஆம்பியர். நண்பர் வீட்டுப் பெட்டியில் இப்படி இருந்தது: 3.3 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 25, 12 வோல்ட்டுக்கு 16, மைனஸ் 12 வோல்ட்டுக்கு 0.5, ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டுக்கு 2.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 66, 125, 192, 6, 10. ஐந்தையும் கூட்டினால் 399. அதாவது அவர்கள் ஸ்டிக்கரையே முழுசாக நம்பினாலும் 500 வரவில்லை! அதைவிட முக்கியம், இன்றைய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில். அந்த வழியில் இங்கே இருப்பது 192 வாட். கார்டு மட்டும் 170 கேட்கிறது. பிராசஸருக்கு மிஞ்சியது 22. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஓடியதும், கேமில் அணைந்ததும் இதனால்தான். 5 வோல்ட்டில் கிடக்கும் 125 வாட்டை எடுத்துக் கார்டுக்குக் கொடுக்க வழியில்லை.

நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 54 ஆம்பியர் என்று இருக்கும். 54ஐ 12 ஆல் பெருக்கினால் 648. பெட்டி மேல் போட்ட எண் கிட்டத்தட்ட முழுசாக 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது. கடையில் நின்றுகொண்டே செல்போன் கால்குலேட்டரில் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். விடை பெட்டி எண்ணுக்குப் பத்து இருபது வாட் பக்கத்தில் இருந்தால் மேலே பேசலாம். நூறு நூற்றைம்பது குறைந்தால் அந்தப் பெட்டியை அப்படியே வைத்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் நின்று இந்தக் கணக்கைப் போட்டால் சில கடைக்காரர்கள் முகம் மாறும், சிலர் உடனே உள்ளேயிருந்து வேறு பெட்டி எடுத்து வருவார்கள்.

லேபிளில் இன்னொன்றும் பாருங்கள்: எந்த வெப்பநிலையில் இந்த வாட்டைத் தரும் என்பது. நல்ல மாடல்கள் 50 டிகிரியில் முழுத் திறனும் உண்டு என்று சொல்லும். சில 40 டிகிரிக்கு மட்டும் சொல்லும். மே மாதத்து வேலூரில், ஏசி இல்லாத அறையில், மூடிய கேபினட்டுக்குள் 40 டிகிரி என்பது சாதாரணம்.

படி 5: தங்கமும் வெண்கலமும்

80 பிளஸ் என்ற முத்திரை 2004ல் வந்தது. வெள்ளை, பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று வரிசை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது என்பதை மட்டும் இது சொல்லும். பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம். அந்த அளவு 115 வோல்ட்டில் எடுத்தது. நம் ஊர் 230 வோல்ட்டில் இன்னும் கொஞ்சம் கூடும்.

பில்லில் எவ்வளவு மிச்சம்? நம் உதாரணத்தில் 390 வாட் கொடுக்க பிரான்ஸ் 459 வாட் எடுக்கும், கோல்டு 433 எடுக்கும். வித்தியாசம் 26 வாட். தினம் நாலு மணி நேரம், அதுவும் முழுச் சுமையில் ஆடினால் வருடத்துக்கு 38 யூனிட். கரண்ட் பில்லுக்காகக் கோல்டு வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்ல முடியாது. ஆனால் அந்த 26 வாட்டும் பெட்டிக்குள்ளேயே சூடாக வெளியேறுகிறது, சூடு குறைந்தால் ஃபேன் அமைதியாக இருக்கும், உள்ளே கப்பாசிட்டர்களும் நீண்ட நாள் வரும். கோல்டு வாங்க அது நியாயமான காரணம்.

முத்திரையையே தரம் என்று நினைத்துவிடக் கூடாது. 2021ல் கிகாபைட்டின் பி750ஜிஎம் என்ற 750 வாட் மாடல் சோதனைகளில் வெடித்தது பெரிய செய்தியானது. அதுவும் கோல்டு முத்திரை பெற்றதுதான். அதில் சுமை எல்லை மீறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பை 120 முதல் 150 சதவீதம் என்று தளர்வாக வைத்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில் நிறுவனமே அறிக்கை விட்டு, அதை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்து, பழையதை மாற்றிக் கொடுக்கவும் முன்வந்தது. வோல்ட் கூடினால், குறைந்தால், ஆம்பியர் மீறினால், ஷார்ட் ஆனால், சூடு ஏறினால், மொத்தச் சுமை மீறினால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. விவரப் பக்கத்தில் இவை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாகச் சூட்டுப் பாதுகாப்பு. மலிவான மாடல்களில் முதலில் வெட்டுவது அதைத்தான்.

முத்திரைக்கு மேல் நம்பக்கூடியது, பிரித்துப் போட்டுச் சோதித்தவர்களின் அறிக்கை. சைபனெட்டிக்ஸ் என்ற நிறுவனம் மின் விரயத்துக்கு ஒரு தரம், சத்தத்துக்கு ஒரு தரம் என்று தனித்தனியாகக் கொடுத்து, அளவுகளையும் வெளியிடுகிறது. ஒரே பிராண்டில் ஒரு வரிசை அருமையாகவும் இன்னொன்று சுமாராகவும் இருக்கும் என்பதால் பிராண்ட் பெயரோடு நிறுத்தாமல் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் வாரன்டியைப் பாருங்கள். ஏழு வருடம், பத்து வருடம் கொடுப்பவர் உள்ளே கண்ட கண்ட கப்பாசிட்டரைப் போட்டுவிட்டுத் தூங்க முடியாது.

படி 6: ஏடிஎக்ஸ் 3.0, 3.1 அவசியமா?

கார்டின் 250 வாட் என்பது சராசரி என்றேன். ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கிப் பார்த்தால் கார்டு ஒரே சீராக இழுப்பதில்லை. ஒரு கணம் குறைவாக, அடுத்த கணம் இரண்டு மடங்காக என்று குதிக்கும். கூட்டலில் எல்லாம் சரியாக வந்தும் கம்ப்யூட்டர் அணைவதற்கு இந்தக் குதிப்பு ஒரு காரணம். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதை ஆபத்து என்று நினைத்துத் துண்டித்துவிடும்.

2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகத்தான். புதிய 16 பின் இணைப்பு உள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ் தன் திறனைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்கிறது அந்த விதி. 650 வாட் பெட்டி என்றால் 1300 வாட். கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அது, ஆனாலும் தாங்க வேண்டும். அடுத்த வருடம் வந்த 3.1, இணைப்பைக் கொஞ்சம் திருத்தியது.

புதிதாக வாங்குபவர் 3.0 அல்லது 3.1 பார்த்து வாங்குவதே சரி. ஏற்கனவே நல்ல பழைய 750 வாட் வைத்திருப்பவர் 4060க்கோ 5060க்கோ இதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

படி 7: கேபிள்

நான் அதிகம் பயப்படுவது இந்த இடத்தில்தான். வாட் கணக்கில் தவறினால் கம்ப்யூட்டர் அணையும், அவ்வளவுதான். கேபிளில் தவறினால் பிளாஸ்டிக் உருகும்.

மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். 6 பின் கேபிள் 75 வாட், 8 பின் 150 வாட். புதிய 16 பின் கேபிள் 600 வாட் வரை. பின் ஒன்றுக்கு எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 8 பின் கேபிளில் 12 வோல்ட் கொண்டுவருபவை மூன்று. 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர், மூன்றால் வகுத்தால் பின்னுக்கு நாலு ஆம்பியரும் கொஞ்சமும். 16 பின்னில் 12 வோல்ட்டுக்கு ஆறு. 600 வாட் என்றால் 50 ஆம்பியர், பின்னுக்கு 8.3. அந்தச் சின்னப் பின்னின் எல்லையோ 9.5 ஆம்பியர்தான். இடைவெளி எவ்வளவு குறைவு பாருங்கள். ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கு மற்ற ஐந்தின் தலையில் விழும்.

2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்த சில நாட்களிலேயே இணைப்பு உருகிய படங்கள் வரத் தொடங்கின. பல சம்பவங்களில் கேபிள் முழுசாக உள்ளே போகவில்லை என்று நவம்பரில் என்விடியா சொன்னது. அதற்குப் பிறகு வந்த திருத்தம்தான் 12வி-2×6. கார்டில் இருக்கும் சாக்கெட்டில் மின்சாரம் வரும் பின்களை நீளமாக்கி, கேபிள் முழுசாகப் போனதா என்று உணரும் சின்னப் பின்களைக் குட்டையாக்கினார்கள். பாதி செருகினால் கார்டு முழு மின்சாரம் கேட்காது. கேபிள் மாறவில்லை, பழைய 16 பின் கேபிள் புதிய கார்டுக்கும் பொருந்தும்.

செருகும் முறை இது. கார்டைக் கேபினட்டில் பொருத்தும் முன்பே, மேஜை மேல் வைத்து, ஒரு தடவை செருகிப் பழகுங்கள். கேபிள் தலையைப் பிடித்து நேராக அழுத்துங்கள். வயரைப் பிடித்துத் தள்ள வேண்டாம். 8 பின்னில் கிளிக் என்று காதில் விழும். 16 பின்னில் பல சமயம் சத்தமே வராது, அதனால் காதை நம்பாதீர்கள். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: கேபிள் தலைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே கோடு மாதிரி இடைவெளி தெரியக் கூடாது. கொக்கி மாட்டியிருக்கிறதா என்று லேசாக இழுத்துப் பாருங்கள். அப்புறம், தலையிலிருந்து மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் வரை வயர் நேராக வர வேண்டும். கேபினட் கண்ணாடி அழுத்தி உடனே மடங்குகிறது என்றால் அந்தக் கேபினட் உங்கள் கார்டுக்குச் சின்னது.

8 பின் இரண்டு கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளில் வால் மாதிரித் தொங்கும் இரண்டாவது முனையைப் போடாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் கொண்டுவாருங்கள். 5070 கூட வரும் அடாப்டருக்கும் இரண்டு 8 பின் தேவை. அதற்கும் இதே கணக்கு. பிராசஸருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் பிளஸ், மைனஸ் தலைகீழ். பிராசஸருடையது 4+4 ஆகப் பிரியும், கார்டுடையது 6+2 ஆகப் பிரியும். செருக மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள்.

மோலெக்ஸ் அடாப்டர், (ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும்) சாட்டா முனையில் மாட்டும் அடாப்டர் இரண்டையும் மறந்துவிடுங்கள். சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். அதில் 75 வாட் கேட்கும் 6 பின்னை மாட்டுவது தேங்காய் நாரில் பம்புசெட் மோட்டாரைக் கட்டித் தூக்குவது போல. நண்பர் மகனின் மோலெக்ஸ் முனையில் வெள்ளை பிளாஸ்டிக் ஏற்கனவே தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

படி 8: யுபிஎஸ், இன்வெர்ட்டர், எர்த்

வெளிநாட்டு வீடியோக்களில் அதிகம் சொல்லாதது, நமக்குத் தவிர்க்க முடியாதது. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்தான். நம் உதாரணக் கம்ப்யூட்டர் கோல்டு எஸ்எம்பிஎஸ்ஸோடு கூட உச்சத்தில் சுவரிலிருந்து 430 இழுக்கும், மானிட்டர் தனி. கேம் நடுவே கரண்ட் போனால் யுபிஎஸ் பீப் என்று கத்திவிட்டுத் தானும் படுத்துவிடும். 1000 விஏ, அதாவது 600 வாட் தருவதைப் பாருங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள், அதில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் இடைவெளி நீளம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது பரவாயில்லை, எஸ்எம்பிஎஸ் அத்தனை நேரம் மூச்சை அடக்காது. பதினைந்து மில்லி நொடி சுமார்தான் அதன் தாங்கும் சக்தி.

கேபினட்டில் கை பட்டால் சுருக்கென்று ஷாக் மாதிரி அடிக்கிறதா? பெரும்பாலும் வீட்டு எர்த் இல்லை அல்லது அறுந்திருக்கிறது என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ் நுழைவாயிலில் இருக்கும் வடிகட்டியில் ஒழுகும் மின்சாரம் எர்த் வழியே போக வேண்டும். வழி இல்லாததால் தகட்டில் தங்கி நிற்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் அது போகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி 9: மாட்டிய பிறகு

ஃபேன் உள்ள பக்கம் கீழே பார்க்க வேண்டும், கேபினட் அடியில் சல்லடை இருந்தால். இல்லாவிட்டால் மேலே பார்க்கட்டும். மாட்டும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து தூசி தட்டலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே பெரிய கப்பாசிட்டரில் முந்நூறு நானூறு வோல்ட் தங்கியிருக்கலாம்.

முதல் நாள் ஃபர்மார்க் அல்லது ஓசிசிடியின் பவர் சோதனையை இருபது நிமிடம் ஓட்டுங்கள். கூடவே ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 11.4க்கும் 12.6க்கும் நடுவே நிற்க வேண்டும். மதர்போர்டின் அளவுகோல் அவ்வளவு துல்லியம் இல்லை, ஆனால் சுமை ஏறியதும் எண் சரசரவென்று இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். இருபது நிமிடம் முடிந்ததும் அணைத்துவிட்டு, கார்டுப் பக்கத்துக் கேபிள் தலையை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரல் வைக்க முடியாத சூடு என்றால் கழற்றி மறுபடி செருக வேண்டும்.

பிறகு எப்போதாவது கேம் நடுவே அணைந்தால், விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அது முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும் சொல்கிறது, காரணம் சொல்லாது. காரணத்தைப் பிடிக்க ஓர் எளிய வழி: ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஆடிப் பாருங்கள். அணைவது நின்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வலுக்கும். நண்பர் வீட்டில் நான் முதலில் செய்தது இதைத்தான். ஒரு மணி நேரம் அசையாமல் ஓடியது. அடுத்த வாரம் 550 வாட் பிரான்ஸ் ஒன்று வாங்கினார்கள், லேபிளில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர். கோல்டுக்குக் காசு இல்லை, தேவையும் இல்லை.

கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகை வாங்கியிருந்தால் மீந்த கேபிள்களை ஒரு பையில் போட்டு, அதன் மேல் எஸ்எம்பிஎஸ்ஸின் பிராண்டையும் மாடல் எண்ணையும் மார்க்கரில் எழுதி வையுங்கள். கார்டுப் பக்கத்து முனை எல்லாருக்கும் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எது வருகிறது என்பது பிராண்டுக்கு பிராண்ட், சில சமயம் மாடலுக்கு மாடல் வேறு. இரண்டு வருடம் கழித்து டிராயரைக் குடைந்து கிடைத்த கேபிளை எடுத்து மாட்டினால், கச்சிதமாகப் பொருந்தி, சுவிட்சைப் போட்ட நொடியில் எஸ்எஸ்டியைச் சுட்டுவிடும்.